லமேட்டாப் பாறைகள்: நாம் வாழும் மண்ணின் பழங்கதை

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் சோழர் காலத்து ஏரிப் பாசனத்தைப் பற்றியோ பாண்டியரின் முத்து வாணிகத்தைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில், நருமதைக் கரையில் வாழும் நமக்கு, அத்தகைய கட்டுரைகள் தாய்வீட்டுச் செய்தி போல் இனிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த எண்ணத்தை மாற்றிவிட்டாள் என் பெயர்த்தி.

பள்ளியில் அவளையும் அவள் வகுப்புப் பிள்ளைகளையும் பாரா சிம்லாக் குன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். மாலையில் வீடு திரும்பியவள், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் என் முன் வந்து நின்றாள்.

“தாத்தா, அந்தக் குன்றில் டைனோசர் வாழ்ந்ததாமே! இந்தியாவில் முதன்முதலாக டைனோசர் எலும்பு கிடைத்த இடம் நம் ஜபல்பூர்தானாம். உங்களுக்குத் தெரியுமா?”

நான் விழித்தேன்.

“நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், இது தெரியாதா?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் கேட்டது விளையாட்டாகத்தான். எனக்கோ சுருக்கென்று தைத்தது. பீரங்கி வண்டித் தொழிற்சாலையை ஒட்டிய அந்தக் குன்றுக்குப் பாட் பாபா கோயிலை நாடி எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். அங்கே கருங்கல்லும் சுண்ணாம்புக் கல்லும் கிடப்பதைக் கண்டதுண்டு. அவற்றின் மேல் அமர்ந்து இளைப்பாறியதும் உண்டு. அவை இன்னவை என்று ஒரு நாளும் கேட்டறிந்ததில்லை. அன்று தொட்டு நூல்களைத் தேடிப் படித்தும், அறிந்தவர்களிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றை நம் குடும்பத்தார் அனைவரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதலானேன்.

ஸ்லீமன் கண்ட எலும்பு

1828ஆம் ஆண்டு. அப்போது ஜபல்பூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சிக்கு வந்து பத்தாண்டுகளே கடந்திருந்தன. டபிள்யூ. எச். ஸ்லீமன் என்னும் படைத்தலைவர் இங்கே பணியாற்றி வந்தார். பிற்காலத்தில் ‘தக்கர்’ எனப்பட்ட வழிப்பறிக் கொள்ளையரை ஒடுக்கியவர் என்று வரலாற்றில் பெயர் பெற்றவர் இவரே. கல்லாய்ச் சமைந்த மரத்துண்டுகளைத் தேடிச் சேர்ப்பதில் அவருக்குப் பெரு விருப்பம் இருந்தது. அவ்வாறு தேடிச் சென்றவர், பாரா சிம்லாக் குன்றின் அடிவாரத்தில், கல்லாகிப்போன பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டார்.

அவை எவ்வுயிரின் எலும்புகள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததில் வியப்புமில்லை. இங்கிலாந்தில் மெகலோசாரஸ் என்னும் தொல்விலங்கைப் பற்றிப் பக்லாந்து என்ற அறிஞர் எழுதியது 1824ஆம் ஆண்டில்தான். ஸ்லீமன் குனிந்து அந்த எலும்பை எடுத்ததற்கு நான்கே ஆண்டுகள் முன்பு. ‘டைனோசர்’ என்னும் சொல்லையே ரிச்சர்டு ஓவன் 1842ஆம் ஆண்டில்தான் உருவாக்கினார். பெயர் பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே பொருள் நம் ஊரில் கிடைத்துவிட்டது!

ஸ்லீமன் அவ்வெலும்புகளுள் சிலவற்றை ஸ்பில்ஸ்பரி என்னும் மருத்துவரிடம் கொடுத்தார். மருத்துவரும் அதே இடத்தில் தேடி மேலும் ஓர் எலும்பைக் கண்டெடுத்தார். 1832ஆம் ஆண்டில் அவற்றைக் கல்கத்தாவிலிருந்த ஜேம்ஸ் பிரின்செப்புக்கு அனுப்பி வைத்தார். பிரின்செப் யார் என்பதை நம்மவர் அறிவர். அசோகனின் கல்வெட்டுகளில் உள்ள பிராமி எழுத்துகளை 1837ஆம் ஆண்டில் படித்துக் காட்டி, இந்திய வரலாற்றின் மூடிய கதவு ஒன்றைத் திறந்தவர் அவர். இரண்டாயிரம் ஆண்டு எழுத்தைப் படிக்கப்போகின்ற அதே கைகளில், கோடி கோடி ஆண்டுப் பழமையுடைய இந்த எலும்பும் தவழ்ந்தது என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

ஆனால் எலும்பின் எழுத்தைப் படிப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1862ஆம் ஆண்டளவில் ஹியூ பால்கனர் என்னும் தொல்லுயிர் அறிஞர் அதனை ஆராய்ந்து, இது ஊர்வன இனத்தைச் சேர்ந்ததொரு பெருவிலங்கின் முள்ளெலும்பு என்று தெளிந்தார். 1877ஆம் ஆண்டில் ரிச்சர்டு லிடெக்கர், ஜபல்பூரில் கிடைத்த வால் முள்ளெலும்புகளைக் கொண்டு, ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று அதற்குப் பெயர் சூட்டினார். டைட்டன்கள் என்போர் கிரேக்கப் புராணத்து அரக்கர்கள். ஆக, ‘இந்தியாவின் அரக்கப் பல்லி’ என்பது அப்பெயரின் பொருளெனலாம்.

நீண்ட கழுத்தும், நீண்ட வாலும், தூண் போன்ற நான்கு கால்களும் உடைய தாவர உண்ணிகள் இவை. இவற்றை ஒத்த விலங்குகளின் எலும்புகள் பின்னர்த் தென்னமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏனைய கண்டங்களிலும் கிடைத்தன. அவை யாவும் ‘டைட்டனோசர்கள்’ என்றே இன்றளவும் வழங்கப்படுகின்றன. உலகெங்கும் வழங்கும் அந்தப் பெயர், நம் ஊர்க் குன்றின் அடிவாரத்தில் கிடைத்த சில வால் எலும்புகளிலிருந்து பிறந்தது. இதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

பாறை பிறந்த கதை

இவ்வெலும்புகளைத் தாங்கி நிற்கும் பாறைத் தொகுதிக்கு ‘லமேட்டா’ என்பது பெயர். நருமதைக் கரையில் நாம் நீராடச் செல்லும் லமேட்டா காட் என்னும் படித்துறையின் பெயரே அது. மெட்லிகாட் என்னும் நிலவியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாறைகளை ஆய்ந்து அவ்வாறு பெயரிட்டார். இத்தொகுதி ஜபல்பூரோடு நின்றுவிடவில்லை. மேற்கே நருமதைப் பள்ளத்தாக்கு வழியே தார் மாவட்டம் வரையிலும், அதற்கும் அப்பால் குசராத்து வரையிலும், தெற்கே மராட்டிய மாநிலத்தின் நாகபுரி, சந்திரபுரி வட்டாரம் வரையிலும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது.

பேடாகாட்டில் படகேறி நாம் காணும் சலவைக்கல் பாறைகளை இவற்றோடு சேர்த்து எண்ணிவிடலாகாது. அவை லமேட்டாவினும் பன்மடங்கு தொன்மையானவை. டைனோசர் என்னும் இனமே தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர் உண்டானவை.

லமேட்டாவின் காலம் கிரிட்டேசியக் காலத்தின் கடைசிப் பகுதி, ஏறத்தாழ 6.6 கோடி முதல் 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. கோடி என்று சொல்லும்போது மனம் அதனை எளிதில் வாங்கிக்கொள்ளாது. ஆகையால் ஒரு கணக்குச் சொல்லுவேன். ஓரடி எடுத்து வைத்தால் ஆயிரம் ஆண்டு பின்னே செல்வதாக வைத்துக்கொள்வோம். முதலாவது அடியிலேயே தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன் காலத்தைத் தொட்டுவிடுவோம். இரண்டாவது அடியில் சங்கப் புலவர்களைக் காண்போம். ஐந்தாவது அடிக்குள் சிந்துவெளி நகரங்கள் வந்துவிடும். ஆனால் லமேட்டாவின் விலங்குகளைக் காண வேண்டுமாயின், அறுபத்தாறாயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும். அஃதாவது, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரம் நடக்க வேண்டும்!

அக்காலத்தில் இமயமலை இல்லை. நருமதையும் இன்றுள்ள உருவில் ஓடவில்லை. இந்திய நிலப்பரப்பு மடகாசுகரிலிருந்து பிரிந்து, தென்பாதிக் கோளத்திலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததொரு தனிக்கண்டம். ஜபல்பூர்ப் பகுதியில் ஆழமற்ற ஆறுகள் ஓடின. ஏரிகளும் சதுப்புகளும் இருந்தன. மழைக்காலத்தில் வெள்ளம் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து பரப்பியது. கோடையில் நிலம் காய்ந்து வெடித்தது. நிலத்தடி நீர் மேலெழுந்து ஆவியாகும்போதெல்லாம் அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கி, மண்ணைக் கல்லாக இறுக்கியது. குன்றில் நாம் காணும் பச்சை மணற்கல்லும், அதன் மேலுள்ள சுண்ணாம்புக் கல்லும், அதற்கும் மேலுள்ள புள்ளியிட்ட முண்டுமுண்டான படிவும் இவ்வாறு உண்டானவையே.

இவற்றுக்கெல்லாம் மேலே கரிய பாறை ஒன்று போர்வை போல் கிடக்கிறது. அது தக்காணத்து எரிமலைக் குழம்பு. பூமி பிளந்து வெளிப்பட்ட அக்குழம்பு படை படையாகப் பரவிக் குளிர்ந்து, இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை மூடியிருக்கிறது. இக்கரிய போர்வை மேலே கிடந்ததனால்தான் கீழேயிருந்த மென்மையான படிவுகள் மழையிலும் காற்றிலும் கரைந்து போகாமல் நிலைத்தன. அழிக்க வந்த நெருப்பே பேழையாகவும் அமைந்தது எனலாம்.

முட்டை இட்ட மண்

ஸ்லீமனுக்குப் பின்னர், சி. ஏ. மேட்லி என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1917 முதல் 1919 வரை பாரா சிம்லாக் குன்றின் சரிவில் அகழ்ந்து ஏராளமான எலும்புகளைத் திரட்டினார். 1932-33ஆம் ஆண்டுகளில் அவர் மீண்டும் வந்தார். அவரும் செருமானிய அறிஞர் பிரீட்ரிக் பான் ஹியூனேயும் சேர்ந்து 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், நடு இந்தியாவின் டைனோசர்களைப் பற்றிய அடிப்படை நூலாக இன்றும் மதிக்கப்படுகிறது. ஊன் உண்ணும் விலங்குகளின் எலும்புகளும் இக்குன்றிலேயே கிடைத்தன. அவர்கள் விளக்கியவற்றுள் ஒரு பெரிய தாவர உண்ணிக்கு, நம் நாட்டுத் தொல்லுயிர் அறிஞர் சோகன் லால் ஜெயினின் பெயரால் ‘ஜெயினோசாரஸ்’ என்று 1995ஆம் ஆண்டில் புதுப்பெயர் இடப்பட்டது.

எலும்பைப் போலவே வியப்புக்குரிய பொருள் மற்றொன்று, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் அங்கேயே கிடந்தது. பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசோக் சாகனி 1980களின் தொடக்கத்தில் ஜபல்பூர் வந்தபோது, பாட் பாபா கோயிற் குன்றின் சுண்ணாம்புக் கல்லில் உருண்டையான வடிவங்கள் பதிந்திருப்பதைக் கண்டார். அவை டைனோசரின் முட்டைகள்! நான் அமர்ந்து இளைப்பாறிய கல்லும் அத்தகையதோ என்று எண்ணும்போது இன்றும் என் உடல் சிலிர்க்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில், குசராத்தின் பாலாசினூருக்கு அருகிலுள்ள ரையோலியில் சுண்ணாம்புக்கல் தோண்டும் இடத்திலும் இத்தகைய முட்டைகள் கண்டறியப்பட்டன.

அதன் பின்னர் வந்த செய்திகள் ஒன்றையொன்று விஞ்சுவன. தார் மாவட்டத்தில் டில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் கண்ட 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பற்றிய ஆய்வுரை 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒவ்வொரு முட்டையும் 15 முதல் 17 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. நார் உரித்த பெரிய தேங்காய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டில் ஒன்று முதல் இருபது முட்டைகள் வரை இருந்தன. யானையினும் பெரிதாக வளரும் ஓர் உயிர், தேங்காய் அளவான முட்டைக்குள்ளிருந்து வெளிவந்தது என்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று. கூடுகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், தாய் விலங்குகள் அருகிலிருந்து அடை காத்திருக்க முடியாது என்றும், இன்றைய முதலையைப் போல் குழி பறித்து முட்டையிட்டு மண்ணால் மூடிச் சென்றிருக்க வேண்டும் என்றும் அறிஞர் கருதுகின்றனர். கூட்டம் கூட்டமாக வந்து ஒரே நிலத்தில் முட்டையிட்டுச் செல்லும் வழக்கம் அவற்றுக்கு இருந்தது.

அதே மாவட்டத்தில் ஒரு முட்டைக்குள் மற்றொரு முட்டை அடங்கியிருந்ததையும் 2022ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இத்தகைய பிறழ்ச்சி இன்று கோழி முதலிய பறவைகளிடத்தே காணப்படுவது. டைனோசருக்கும் பறவைக்கும் உள்ள உறவுக்கு இதுவும் ஒரு சான்று.

குசராத்தின் தோளி துங்கிரியில் கிடைத்த கல் ஒன்று நெஞ்சை உருக்கும் காட்சியைக் காட்டுகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தனஞ்சய் மொகாபே 1980களில் கண்டெடுத்த கல் அது. முட்டையும், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சும் அதில் உள்ளன என்றே முதலில் கருதப்பட்டது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜெப்ரி வில்சன் அதனைக் கூர்ந்து நோக்கியபோது, குஞ்சின் அருகே பாம்பின் எலும்புகள் இருப்பது புலப்பட்டது. சுமார் மூன்றரை மீட்டர் நீளமுள்ள பாம்பு ஒன்று, உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. பக்கத்தில் அரை மீட்டர் நீளமுள்ள குஞ்சு. பாம்பு குஞ்சை நெருங்கிய அந்த வேளையிலேயே மணல் சரிந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது போலும். ‘சானாஜே இண்டிகஸ்’ என்று அப்பாம்புக்கு 2010ஆம் ஆண்டில் பெயரிட்டனர்.

ரையோலியில் கிடைத்த எலும்புகளிலிருந்து, கொம்புடைய தலை கொண்ட ஊன் உண்ணி ஒன்று ‘இராசசாரஸ் நருமதென்சிஸ்’ என்று 2003ஆம் ஆண்டில் பெயர் பெற்றது. நருமதையின் அரசப் பல்லி என்பது பொருள். அதன் நெருங்கிய உறவினம் மடகாசுகரில் கிடைத்திருப்பது, இவ்விரு நிலங்களும் முன்னொரு காலத்தில் ஒன்றாயிருந்தன என்பதற்கு ஏற்ற சாட்சியாகும்.

சோறுண்ணும் குடியினராகிய நமக்கு இன்னொரு செய்தி சிறப்பாக இனிக்கும். மராட்டிய மாநிலத்தின் பிசுதூரா என்னும் ஊரில் லமேட்டாப் படிவுகளிலிருந்து, கல்லாகிப்போன சாணக் கட்டிகள் கிடைக்கின்றன. வந்தனா பிரசாத் முதலிய ஆய்வாளர்கள் அவற்றைப் பொடித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, புல்லின் உடலில் உண்டாகும் நுண்ணிய மணற்சத்துத் துகள்கள் காணப்பட்டன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் புல்லினமே இல்லை என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆய்வு அக்கருத்தை மாற்றியது. அத்துகள்களுள் சில, நெல் சேர்ந்துள்ள புற்பிரிவுக்கு உரியவை என்று 2011ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. நெல்லின் முன்னோரை நமக்கு முன் உண்டவர்கள் யார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஊழிப் பெருமாற்றம்

இவ்வளவு பெருகி வாழ்ந்த உயிர்கள் எவ்வாறு மறைந்தன? சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய மெக்சிகோ நாட்டின் கரையோரத்தில் விண்கல் ஒன்று வந்து மோதியது. எழுந்த தூசியும் புகையும் கதிரவனை மறைத்தன, செடிகொடிகள் வாடின, உணவின்றி உயிர்கள் மடிந்தன. அதே காலத்தை ஒட்டித்தான் நம் தக்காணத்தில் எரிமலைக் குழம்பும் பெருகிக்கொண்டிருந்தது. அழிவில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முதற்குழம்பு பரவியவுடனே டைனோசர்கள் மாய்ந்துவிடவில்லை. குழம்புப் படைகளுக்கு இடையிலுள்ள ஏரிப் படிவுகளிலும் அவற்றின் எலும்புகளும் முட்டை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. நெருப்புக்கும் நெருப்புக்கும் இடைப்பட்ட அமைதியில், திரும்பி வந்து அவை முட்டையிட்டன. வாழ்வின் மீது உயிர்களுக்கு உள்ள பற்றை இதனினும் தெளிவாகக் காட்டும் செய்தி வேறு உண்டோ?

அரியலூரும் ஜபல்பூரும்

‘நம் ஊரில் இத்தகையது ஒன்றும் இல்லையா?’ என்று கேட்கும் அன்பர் இருப்பர். உண்டு. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துப் பாறைகள் இதே கிரிட்டேசியக் காலத்தவை. பிளான்போர்டு 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தொட்டு, அவை உலக நிலவியலாரிடையே பெயர் பெற்றவை. ஆனால் ஒரு வேறுபாடு. ஜபல்பூர் அன்று நிலம். அரியலூரோ பெரும்பாலும் கடல். ஆகவேதான் அங்கே சிப்பிகளும், சுருட்சங்கு போன்ற அம்மனைட்டுகளும் மிகுதியாகக் கிடைக்கின்றன. கடல் பின்வாங்கிய கடைசிக் காலத்தில் ஆற்று மணல் படிந்த கல்லமேடு என்னும் இடத்தில் மட்டும், நிலத்து விலங்குகளாகிய டைனோசர்களின் எலும்புகள் உள்ளன. பாரா சிம்லாவை அகழ்ந்த மேட்லியே திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றியும் 1929ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வளவு நெருங்கியவை இவ்விரு ஊர்களும்!

கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளைக் கொண்டு, யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலவியலார் 1987ஆம் ஆண்டில் ‘பிருகத்காயசாரஸ் மேட்லியை’ என்று ஒரு விலங்குக்குப் பெயரிட்டனர். பிருகத்காயம் என்றால் பேருடல். மேட்லியை என்பது மேட்லியின் நினைவு. கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்று அவர்கள் குறித்தனர். உலகில் வாழ்ந்த நில விலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கலாம். ஆனால் அந்தோ! அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தை உறிஞ்சி உப்பும் களிமண்ணில் புதைந்திருந்த அவை, மழையில் நனைந்து உதிர்ந்து போயின என்று 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. களத்தில் எடுத்த சில பழைய நிழற்படங்கள் 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. அளவெடுத்த குறிப்பும் அப்படங்களுமே இன்று எஞ்சியவை.

ஜபல்பூரின் முதல் எலும்பும் ஏறத்தாழ அவ்வாறே தொலைந்து போனதுதான். லிடெக்கர் பெயரிட்ட அந்த முள்ளெலும்பு எங்கே வைக்கப்பட்டது என்பது காலப்போக்கில் மறந்து போயிற்று. அதன் வார்ப்பு மட்டுமே ஆய்வாளர்க்குக் கிட்டியது. ஆயினும் தேடுவதை விடாத சிலர் இருந்தனர். மொகாபே முதலியோர் 2012ஆம் ஆண்டில் கொல்கத்தாவில், நிலவியல் ஆய்வுத் துறையின் சேமிப்பிலேயே அதனைக் கண்டுபிடித்தனர். சொந்த வீட்டுப் பேழைக்குள் கிடந்த குலச்சொத்து, பெயரன் காலத்தில் கைக்குக் கிடைத்தது போலாயிற்று.

நம் கடமை

ஓர் எலும்பு கரைந்தது. ஓர் எலும்பு மீண்டது. கரைந்ததற்குக் காரணம் மழை. மீண்டதற்குக் காரணம் தேடிய மனிதர். ஆறு கோடி ஆண்டுகள் எரிமலைக்கும் தப்பிக் கிடந்த ஒன்று, நம் கண்முன் வெளிப்பட்ட பின் சில பருவ மழைகளுக்குள் இல்லாமற் போகும் என்பதை நாம் உணர வேண்டும். நகரம் வளர்கிறது, குன்றைச் சுற்றி வீடுகள் எழுகின்றன. வீடு கட்டக் கல் உடைப்பவருக்கு முட்டையும் கல்லே. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அறிந்தவர் சொல்லாமல் இருந்தால் அறியாதவர் எவ்வாறு காப்பர்?

அறிந்தோர் அறிவிக்கவும் முயன்று வருகின்றனர். ரையோலியில் 2019ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பேடாகாட்டும் லமேட்டா காட்டும் சேர்ந்த நருமதைப் பள்ளத்தாக்குப் பகுதி, உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2021ஆம் ஆண்டில் இடம்பெற்றது. அரசும் அறிஞரும் செய்ய வேண்டியவை இருக்கட்டும். நாம் செய்யக்கூடியவை சிலவும் உள்ளன.

குன்றுக்குச் செல்லும்போது பிள்ளைகள் கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவராதபடி பார்த்துக்கொள்வோம். உருண்டையான கல்லெல்லாம் முட்டையாகிவிடாது; சுண்ணாம்பும் களிமண்ணும் தாமாகவே உருண்டு திரள்வதும் உண்டு. ஐயம் எழுந்தால், கல்லை அசைக்காமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, நிலவியல் ஆய்வுத் துறைக்கோ கல்லூரி நிலவியல் ஆசிரியருக்கோ தெரிவிப்பதே முறை. இடத்தை விட்டு எடுத்த எலும்பு, ஏட்டைவிட்டுக் கிழித்த பக்கம் போன்றது. எந்த ஏடு, எத்தனையாம் பக்கம் என்று பின்னர் ஒருவராலும் சொல்ல இயலாது.

பிழைப்பை நாடி இங்கே வந்த நாம், ‘எங்கள் ஊர்’ என்று சொல்லும்போதெல்லாம் காவிரியையும் பொருநையையுமே நினைக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் நமக்குச் சோறு தந்ததும், நம் பிள்ளைகள் பிறந்து நடை பயின்றதும் இந்த நருமதை மண்ணில்தான். உண்ட வீட்டின் வரலாற்றைக் கேட்டறிவது விருந்தினர் பண்பு. வாழ்ந்த வீட்டின் வரலாற்றைக் காப்பது உரியவர் கடமை. நாம் விருந்தினரா, உரியவரா என்பதை நாமேதான் தீர்மானிக்க வேண்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர்த்தியோடு மீண்டும் அக்குன்றுக்குச் சென்றேன். கோயிலில் வணங்கிவிட்டு இறங்கும் வழியில், முன்பு நான் வழக்கமாக அமரும் கல்லருகே வந்தோம். நான் உட்காரவில்லை.

“ஏன் தாத்தா, கால் வலிக்கவில்லையா?” என்று கேட்டாள்.

“வலிக்கிறது அம்மா. வா, அந்த மரத்தடிக்குப் போய் உட்காருவோம்” என்றேன்.